பிப்ரவரியில் பிரித்த கூரை

மொம்மெயின் கைகள் நாணல் கட்டைத் தூக்கிப் பலகையில் இரண்டு தரம் குத்தின. அடிப்பக்கம் சமமானதும் கட்டைச் சாய்த்து, குட்டைத் தண்டுகளை விரல்களால் தடவிப் பிடித்து உருவின. வளைந்தது, பூஞ்சை பிடித்தது, தோகை கழியாதது எல்லாம் இடப்பக்கம் விழுந்தன. மிச்சத்தை மறுபடி கட்டி வலப்பக்கம் அடுக்கின. இந்த வேலைக்குக் கண் தேவையில்லை. கண்கள் கொட்டகையின் சன்னல் வழியே கடல் அணையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அங்கே ஊர்க்காரர்கள், குளிர்காலத்தை வழியனுப்ப ஆண்டுதோறும் பிப்ரவரியில் மூட்டும் பீக்கெ நெருப்புக்காகச் சுள்ளியும் பழைய கிறிஸ்துமஸ் மரங்களும் குவிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"பீக்கெ அன்னிக்கு அந்த வீட்டைக் கொளுத்தப் போறேன்" என்றான் எதிரே உட்கார்ந்திருந்த நாமென். அவன் கையும் ஒரு கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

மொம்மெயின் கைகள் நின்றன.

"எந்த வீட்டை?"

"நம்ம வீட்டை. இப்ப ஹாம்பர்க்காரங்க வீடு."

"குடிச்சிருக்கியா?"

"காலங்காத்தாலயா? டீதான் குடிச்சேன். நீ போட்ட டீ. அதுல என்ன கலந்தியோ." நாமென் சிரிக்கவில்லை. "மேக்குக் காத்து அடிச்சா பொறி எல்லாம் அந்தப் பக்கம்தான் பறக்கும். ஊரே அணை மேல நிக்கும், தீயணைப்பு வண்டியும் அங்கதான் நிக்கும். நாணல் கூரை. யாரு என்ன கேக்கப்போறா?"

"அந்தப் பொம்பளை கைக்குழந்தையோட உள்ள இருப்பா."

"பீக்கெக்கு வராதவங்க உண்டா?"

"அவ வரமாட்டா. பிள்ளைக்குப் புகை ஆகாதுன்னு என்கிட்டயே சொன்னா. புருஷன் வாரக் கடைசிலதான் வருவான்."

நாமென் ஒரு தண்டை ஒடித்துப் பார்த்தான். நல்ல தண்டு, சத்தத்தோடு ஒடிந்தது. "அகலமான வாசல். நாமதான் அதை அகலப்படுத்தினோம். வெளிய வந்துருவா."

அவன் சும்மா மிரட்டுகிறவன் அல்ல என்பது மொம்மெ ஃபெடர்சனுக்குத் தெரியும். பத்து வார்த்தை பேசவேண்டிய இடத்தில் இரண்டு பேசுகிறவன் நாமென். அந்த இரண்டையும் செய்துவிடுவான்.

மொம்மெக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு. வடகடல் ஓரத்தில், ஹாயென்ஸ்வார்ஃப்ட் என்ற ஊரில் கூரை வேய்கிறவன். அவன் அப்பா தாடெயும் அதே தொழில்தான். ஊரில் உள்ள நாணல் கூரைகளில் பாதி அப்பன் போட்டது, மீதி மகன் போட்டது. தொழில் தேர்ச்சிப் பரீட்சையில் மொம்மெ முதல் தடவை தோற்றான். கூரை சரியாக இருந்தது, எழுத்துத் தாளில்தான் பாதி காலியாக விட்டிருந்தான். ஏன் எழுதவில்லை என்று கேட்டபோது, கேட்டதற்கு மேல் எதற்குச் சொல்ல வேண்டும் என்றானாம். அந்தக் குணம் அவனை விட்டுப் போகவே இல்லை. ஊரில் அவனுக்கு இருந்த பெயர் வேறொன்றினால் வந்தது. ஒரு பகலில் மூட முடிகிற அளவுக்குத்தான் பழைய கூரையைப் பிரிப்பான். சாயங்காலம் அவன் இறங்கிப் போனபிறகு எந்த வீட்டுக்குள்ளும் மழை இறங்கியதில்லை.

நாமென் தாடெயின் அந்த வீட்டுக்கு ஆறு வயதில் வந்தான். குழந்தைகள் நலத்துறைப் பெண் ஒருத்தி அட்டைப் பெட்டியும் கையுமாக அவனைக் கொண்டுவந்து சமையலறையில் நிறுத்தினாள். தாடெ உருளைக்கிழங்குக் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளி, "இனிமே இங்க பசங்க ரெண்டு பேர்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. தத்தெடுக்கக் கையெழுத்துப் போட ஹூசும் நகரம் வரை போக வேண்டும். அது வேலைக் காலம் முடியட்டும் என்று தள்ளிப்போனது. அடுத்த வருடமும் தள்ளிப்போனது. பையன்கள் ஒரே அறையில் தூங்கினார்கள், ஒரே ஏணியில் ஏறினார்கள். மொம்மெ கல்யாணமாகித் தனி வீடு கட்டிக்கொண்டு போனான். நாமென் கல்யாணம் செய்யவில்லை. வயதானவர்கள் இருவரையும் கடைசிவரை பார்த்துக்கொண்டவன் அவன்தான். வீடு நாமெனுக்கு என்று தாடெ சாப்பாட்டு மேசையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். எழுதிவைக்கவில்லை.

அம்மாவும் போனபிறகு இருவரும் நீபுல் நகரத்து நோட்டரி இங்வெர்சன் அம்மாளின் எதிரே உட்கார்ந்தார்கள். உயில் இல்லாவிட்டால் வளர்ப்புப் பிள்ளைக்குப் பங்கு கிடையாது, எல்லாம் பெற்ற பிள்ளைக்கு என்றாள் அவள். நாமென் மொம்மெயைப் பார்த்தான். மொம்மெ மேசையைப் பார்த்தான். அவன் பொய் எதுவும் சொல்லவில்லை, பேசாமல் இருந்தான், அவ்வளவுதான். சுவர் விரிசல் விட்ட வீடு, தன் வீட்டுக் கடனே கழுத்துவரை இருக்கிறது என்று அவனுக்குக் காரணங்கள் இருந்தன. வீட்டை வீனாண்ட் என்ற ஹாம்பர்க் தம்பதிக்கு விற்றான். நாமென் கொட்டகையின் மாடி அறைக்கு வந்து சேர்ந்தான். மறுநாள் காலையில் வழக்கம்போல வேலைக்கு இறங்கினான்.

அதையெல்லாம் தாண்டித்தான் இப்போது இந்த வார்த்தை வந்திருந்தது.

அன்று மாலை மொம்மெ மனைவி கைக்கெயிடம் சொன்னான். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு உட்கார்ந்தாள்.

"போலீஸுக்குப் போ."

"தம்பியப் பத்தியா?"

"அந்தப் பிள்ளைக்கு இப்பதான் பல்லு முளைக்குது, மொம்மெ."

"தெரியும்."

"தெரியும்னா இங்க என்ன உக்காந்திருக்க?"

அவன் மாடி அறைக்கு ஏறிப் போனான். நாமென் காலணிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். மொம்மெ தன் வாழ்நாளில் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதில்லை. குழந்தையைப் பற்றிச் சொன்னான், சிறையைப் பற்றிச் சொன்னான், அம்மாவின் பெயரைக்கூட இழுத்தான். நாமென் கடைசிவரை கேட்டான்.

"முடிஞ்சுதா? அப்ப போய்ச் சொல்லு. ஸ்டேஷனுக்கு வழி தெரியும்ல? ஆனா நீ போகமாட்ட. வாயைத் தெறக்காம உக்காந்திருக்கறதுதான் உனக்கு நல்லா வரும்."

மொம்மெ போலீஸ் நிலையத்துக்குப் போகவில்லை. நோட்டரியிடம் போனான். நாமென் சொன்னது பாதி பலித்தது.

இங்வெர்சன் அம்மாள் மேசையில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் தொண்டையைக் கனைத்து, ஒரு வீட்டுக்கு யாரோ தீ வைக்கப்போவதாக ஒரு ஆள் கேள்விப்பட்டால் என்று தொடங்கினான். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"பேரைச் சொல்லாதீங்க. சொல்லிட்டா உங்க தலைவலி எனக்கும் வந்துரும். வீட்டுல ஆள் குடியிருக்கா?"

"இருக்கு."

"அப்ப கேளுங்க. அது பெரிய குத்தம். நடக்கப்போகுதுன்னு நம்பும்படியாத் தெரிஞ்சும், நேரத்தோட போலீஸுக்கோ அந்த வீட்டுக்காரங்களுக்கோ சொல்லாம இருக்கிறதும் குத்தம். அஞ்சு வருஷம் வரைக்கும் போகும்."

"ஒண்ணும் செய்யாம இருந்ததுக்கா?"

"ஒண்ணும் செய்யாம இருந்ததுக்குத்தான்."

"சொந்தக்காரனா இருந்தா?"

"சொந்தம்னா கொஞ்சம் இடம் கொடுக்கும் சட்டம். மனசார முயற்சி பண்ணித் தடுத்திருந்தா, காட்டிக் கொடுக்கலைன்னு தண்டிக்க மாட்டாங்க. கொலைத் திட்டம்னா அதுவும் கிடையாது. பெத்தவங்க, பிள்ளைங்க, புருஷன், பெஞ்சாதி, கூடப்பொறந்தவங்க. மச்சினன் கூட அதுல சேர்த்தி."

"ஒரே வீட்டுல வளர்ந்தவன்?"

அவள் ஆப்பிளை ஓரமாகத் தள்ளினாள். "வளர்த்தவங்களும் வளர்ப்புப் பிள்ளையும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம்னு எழுதியிருக்கு. அந்த வீட்டுப் பிள்ளைக்கும் வளர்ப்புப் பிள்ளைக்கும் நடுவுல ஒண்ணும் எழுதலை. போன தடவை நீங்க இதே நாற்காலில உக்காந்திருந்தப்பவும் எழுதலை, ஃபெடர்சன். அன்னிக்கு உங்களுக்கு அது சௌகரியமா இருந்துச்சு."

அவன் தொப்பியை மறுகைக்கு மாற்றினான்.

"வேற வழி?"

"ஒண்ணு இருக்கு. புகார் கொடுக்காம, வேற விதத்துல அதை நடக்கவிடாம பண்ணிட்டா சட்டம் உங்களை விட்டுரும். எப்படிப் பண்ணீங்கன்னு கேக்காது. ஆனா பண்ணியிருக்கணும். எரிஞ்ச வீட்டு முன்னால நின்னுக்கிட்டு நானும் பாத்தேன்னு சொன்னா எடுபடாது." அவள் ஆப்பிளைக் கையில் எடுத்தாள். "நான் எதையும் யூகிக்கலை. யூகிச்சா ஃபோனை எடுக்க வேண்டியிருக்கும். பீக்கெ தாண்டி ஒரு நாள் வந்து, எல்லாம் நல்லபடியா இருக்குன்னு சொல்லிட்டுப் போங்க."

பேருந்தில் திரும்பி வரும்போது மொம்மெ வழியில் தெரிந்த கூரைகளையே பார்த்துக்கொண்டு வந்தான். காய்ந்த நாணல் கூரையும், பறக்கும் பொறியும், ஊர் கூடி நிற்கும் ஒரு மாலையும் ஒன்றாக இருந்தால்தான் நாமெனின் திட்டம் திட்டம். கூரை இல்லையென்றால் பொறி விழுந்து பற்ற ஒன்றுமில்லை. ஈரத் தார்ப்பாயின் கீழ் வெறும் கைமரங்கள் எரிந்தால் யாரோ வைத்த தீ என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

வீனாண்ட் வீட்டுக்காரி அந்தக் கூரையை மாற்றி வேய மே மாதத்துக்கு ஏற்கனவே சொல்லிவைத்திருந்தாள். மொம்மெ அவள் வாசலில் போய் நின்றான்.

"இப்பவேயா?" என்றாள் அவள், குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு. "எல்லாரும் வெயில் காலத்துலதான் போடுவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"மேக்குப் பக்கம் அழுகிருச்சு. மார்ச்சுப் புயலுக்குத் தாங்காது." அதில் பாதி உண்மை.

"அப்ப மேக்குப் பக்கம் மட்டும்தானா?"

"முழுக் கூரையும்."

"நாங்க எங்க தூங்குறது?"

"எங்க வீட்டுல. கைக்கெ கட்டில் போட்டு வச்சிருக்கா."

அவள் அவனையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஊருக்குப் புதியவள். கூரைக்காரன் சொன்னால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கைக்கெ மட்டும் சமாதானமாகவில்லை. "சரி, இந்த வருஷம் தப்பிச்சுது. அடுத்த பீக்கெக்கு?"

"புதுக் கூரையை அவனும் சேர்ந்து வேய்வான். தான் வேய்ஞ்சதுல அவன் கை வைக்க மாட்டான்."

"இது உன் நினைப்பு."

"ஆமா" என்றான் மொம்மெ. "என் நினைப்புதான்."

மறுநாளே பிரிக்கத் தொடங்கினான். முகட்டை மூடியிருந்த, புல்லோடு வெட்டிய மண்கட்டிகளான புல்பத்தைகளைக் கீழே தள்ளினான், கம்பிகளை வெட்டினான், நாணலை அள்ளி அள்ளி இறக்கினான். பல வருடத்துத் தூசியும் பாசியும் எலிக்கூடும் சேர்ந்து விழுந்தன. அன்று மாலை மூடவில்லை. மறுநாள் மறுபக்கத்தையும் திறந்தான். ஊர் வந்து வேடிக்கை பார்த்தது. தீயணைப்புப் படைத் தலைவன் ஓக்கெ டிராக்டரை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலே வட்டார வணக்கத்தைக் கூவினான்.

"மொய்ன், மொம்மெ. காலண்டரைத் தலைகீழா மாட்டிட்டியா?"

"ஏன், நல்லாத்தான் தொங்குது."

"உங்கப்பா ஒரு கைக்குட்டை அகலத்துக்கு மேல பிரிச்சதை நான் பாத்ததில்லை. நீ என்ன, கோழியை உரிக்கிற மாதிரி உரிக்கிற?"

"டிரெய்லரை இரவல் கொடுக்கிறியா, இல்ல பேசிட்டே இருக்கப்போறியா?"

"இந்தக் குப்பையை எங்க கொட்டப்போற?"

"பீக்கெயில."

ஓக்கெ சிரித்துக்கொண்டே டிரெய்லரைக் கழற்றிவிட்டுப் போனான்.

நாமென் முதல் நாள் வேலைக்கு வரவில்லை. இரண்டாம் நாள் மதியம் வந்து வேலிக்கு வெளியே நின்றான். மேலே மொம்மெ கைமரங்களுக்கு நடுவே ஒற்றை ஆளாகத் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தான். காற்று ஏறத் தொடங்கியிருந்தது.

"எனக்கு ஒண்ணும் மிச்சம் வைக்கலை போல" என்றான் நாமென்.

"ஒரு ஓரம் இருக்கு. ஏறி வந்து பிடி."

"போலீஸை எங்க காணோம்?"

"கூப்பிடலை."

"ஏன்?"

மொம்மெ பதில் சொல்வதற்குள் காற்று பாயின் ஒரு பக்கத்தைத் தூக்கி அவன் தோளில் அறைந்தது. அவன் சறுக்கி, ஒரு வரிச்சில் முழங்காலை ஊன்றி நின்றான். நாமென் வேலியைத் தாண்டி உள்ளே வந்தான். பிறகு ஏணியில் ஏறினான்.

"இப்படிப் பிடிச்சா பாய் கிழியும்" என்றான். "புதுப் பாய்." இருட்டும்வரை இருவரும் கட்டினார்கள். அடுத்த நாட்களில் பழைய நாணலை டிரெய்லரில் ஏற்றி அணைக்கு ஓட்டிக்கொண்டு போனதும் நாமென்தான். அந்தத் திட்டத்தைப் பற்றி அவன் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

பீக்கெ மாலை மேற்குக் காற்றோடுதான் வந்தது. ஊர் தீவட்டி பிடித்து அணைக்கு நடந்தது. குவியலுக்குத் தீ வைத்ததும் சுள்ளி எரிந்தது, மரங்கள் எரிந்தன, பழைய நாணல் மட்டும் எரியாமல் மஞ்சளாகப் புகைந்தது. ஈரப்பாசி நாற்றம் எல்லோர் கோட்டிலும் ஏறியது.

"என்னத்தக் கொண்டுவந்து போட்ட நீ, எருவா?" என்று இருமியபடி கேட்டான் ஓக்கெ. "இன்னிக்குப் பீக்கெ விருந்துல கீரையும் சாசேஜும் எலிப்புழுக்கை வாசத்தோடதான்."

மொம்மெ நெருப்பைப் பார்க்கவில்லை, நாமெனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓக்கெ பேசிய அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது நாமென் நின்ற இடத்தில் வேறு யாரோ நின்றார்கள்.

வீனாண்ட் வீட்டுக்காரியும் குழந்தையும் மொம்மெயின் வீட்டில் கைக்கெயோடு இருந்தார்கள். அது தெரிந்தும் மொம்மெ ஓடினான். அணையிலிருந்து இறங்கி, வாய்க்கால் ஓரமாக, கனத்த காலணியோடு ஓடினான். பொறிகள் அவனைத் தாண்டிப் போய் இருட்டில் அணைந்தன.

நாமென் அந்த வீட்டு ஏணியின் அடிப்படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பெட்ரோல் கேன். மூடி திறக்கவில்லை.

"ரெண்டு சுத்து சுத்தி வந்தேன்" என்றான். "எதுல வைக்கிறதுன்னே தெரியலை."

மொம்மெக்கு மூச்சு வாங்கியது. "கைமரத்துல வைக்கலாம்."

"வைக்கலாம். யாரு வச்சதுன்னு தெரிஞ்சுரும்."

"தெரியும்."

"நீயும் உள்ள போவ. தெரிஞ்சும் சொல்லலைன்னு."

"போவேன்."

"அதுக்கும் துணிஞ்சுதான் இருந்தியா?"

"துணியலை. கூரையைப் பிரிச்சேன்."

மேலே தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. நாமென் தலையை நிமிர்த்திக் கேட்டான்.

"தெக்கு ஓரத்துல கட்டு தளர்ந்திருக்கு. யாரு கட்டினது?"

"நீ."

நாமென் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு எழுந்து ஏணியில் ஏறினான். மேலே கயிறு இறுகும் சத்தம் கேட்டது. மொம்மெ கேனை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டகையில் மோட்டார் ரம்பத்தின் பக்கத்தில் வைத்தான். பிறகு இருவரும் தனித்தனியாகச் சாராயக்கடைக்குப் போய், ஒரே மேசையில் கீரை சாப்பிட்டார்கள்.

அந்த வாரம் மொம்மெ நீபுலுக்குப் போனான். "நல்லபடியா இருக்கு" என்று கதவருகே நின்றபடியே சொன்னான். இங்வெர்சன் அம்மாள் தலையசைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

மார்ச் முழுவதும் கூரை ஏறியது. இறவாரத்திலிருந்து தொடங்கி வரிசை வரிசையாக நாணலைப் பரப்பி, நீண்ட ஊசியால் வரிச்சோடு சேர்த்துக் கம்பி தைத்து, தட்டுப்பலகையால் தண்டுகளின் அடியை மேல்நோக்கித் தட்டித் தட்டிச் சாய்வு கொடுத்தார்கள். ஒருவன் மேலே ஊசியைக் குத்த, மற்றவன் உள்ளேயிருந்து திருப்பிக் கொடுப்பான். பேச்சு வேலையைப் பற்றி மட்டும் இருந்தது. மேற்குப் பக்கத்தில் ஒரு முழு வரிசை தனக்குப் பிடிக்கவில்லை என்று நாமென் பிரித்துத் திரும்பப் போட்டான். மொம்மெ அதைக் கண்டும் காணாதவன்போல மறுபக்கம் போய்விட்டான்.

முகட்டுக்குப் புல்பத்தை வைக்கும் நாளில் நாமென் சொன்னான்: "இது முடிஞ்சதும் ஃபோர் தீவுக்குப் போறேன். அங்க ஒருத்தன் ஆள் கேட்டிருக்கான்."

"எப்ப திரும்பி வருவ?"

"வரணும்னு இல்லை."

மொம்மெ பத்தையின் ஓரத்தை மண்வெட்டியால் சீவினான். இரு என்று சொல்ல வாயெடுத்தான். "படகு ஏறுறதுக்கு முன்னால சாரத்தைக் கழட்டணும்" என்றான்.

"அது தெரியாதா எனக்கு."

வேலை முடிந்த வீட்டை வேலை எடுத்த மேஸ்திரிதான் வீட்டுக்காரரோடு ஒரு சுற்று சுற்றி வந்து ஒப்படைக்க வேண்டும். தாடெ அதை ஒருநாளும் வேறு யாரையும் செய்யவிட்டதில்லை, மொம்மெயும் விட்டதில்லை. வீனாண்ட் வீட்டுக்காரி குழந்தையோடு முற்றத்தில் வந்து நின்றபோது மொம்மெ ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

"இந்த வீட்டை என் தம்பி காட்டுவான்" என்றான் அவளிடம்.

நாமென் அவனைப் பார்த்தான். மொம்மெ இந்தத் தடவை மேசையைத் தேடவில்லை. அவனை நேராகப் பார்த்துவிட்டு ஏணியோடு வண்டிப் பக்கம் நடந்தான்.

நாமென் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு முன்னே நடந்தான். வடக்குப் பக்கம், கிழக்குப் பக்கம், தெற்குப் பக்கம், கடைசியில் மேற்குப் பக்கம். புதுக் கூரை இன்னும் மஞ்சளாக, வெயிலில் பளிச்சென்று இருந்தது. இறவாரத்தின் கீழே அவன் நின்றான்.

"ஒரு தண்டைப் பிடிச்சு இழுங்க" என்றான்.

"பிஞ்சு வந்துட்டா?"

"வந்தா என் தப்பு. இழுங்க."

அவள் குழந்தையை ஒரு கையில் மாற்றிக்கொண்டு, எட்டி ஒரு தண்டைப் பிடித்து இழுத்தாள். மறுபடி பலமாக இழுத்தாள். அசையவில்லை.

"சரி" என்றான் நாமென். "இனி உங்க கூரை."